குடத்துக்குள் ஓர் ஆஸ்திரேலியா

அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று என் மகளுக்கு முதல் நாளே தெரியுமா, தெரியாதா? இரண்டு வருடங்களாக இதை அவளிடம் விதவிதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். தலை பின்னும்போது கேட்டேன். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். ஒருமுறை காய்ச்சலில் அரைத் தூக்கமாகக் கிடந்தவளிடம்கூடக் கேட்டேன். அதற்காக அன்று முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டேன். பதில் மட்டும் மாறவே இல்லை.

"எந்தச் சத்தம்மா?"

அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. கணவருக்கு மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்து, நாங்கள் வேலூரிலிருந்து பெங்களூருக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தொம்மலூரில் பழைய ஊருக்குள் ஒரு சந்தில் மாடி வீடு. கீழே வீட்டுக்கார அக்கா. மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார்.

என் மகள் வீட்டில் வாய் மூடமாட்டாள். சுவரில் இருக்கும் பல்லியிடம்கூட அன்றைய நாள் எப்படிப் போனது என்று விசாரிப்பாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் அவ்வளவுதான். ஒரு வருடமாக வகுப்பில் ஒரு சொல்லும் பேசவில்லை. "பிரசன்ட் மிஸ்" என்பதற்குப் பதில் கையை மட்டும் தூக்குவாளாம். வகுப்பாசிரியை என்னை அழைத்து, "உங்கள் பெண்ணுக்குக் காது கேட்குமா?" என்று கேட்டார். நான் அன்று மாலையே காது டாக்டரிடம் ஓடினேன். அவர் அவளுடைய தலைக்குப் பின்னால் கைக்கடிகாரத்தைப் பிடித்து, மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போய், கதவு வரை போய்விட்டார். அங்கிருந்தும் டிக்டிக் கேட்கிறது என்றாள். "உங்க காதவிட இவ காது நல்லா இருக்கு. பேசாம போங்கம்மா" என்றார் டாக்டர்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

காது சரியாக இருக்கிறது என்று சீட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் வகுப்பாசிரியை விடவில்லை. வாயால் சொல்ல வேண்டிய தேர்வு எதிலும் மதிப்பெண் இல்லை, இந்தப் பருவத்திலாவது எழுந்து நின்று பேசாவிட்டால் இன்னொரு வருடம் இதே வகுப்பில்தான் உட்கார வேண்டியிருக்கும் என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரை மாற்றியது தப்பா, பள்ளியை மாற்ற வேண்டுமா, நான் கருவுற்றிருந்தபோது அதிகம் பேசாமல் இருந்ததுதான் காரணமா என்று எதையெதையோ யோசித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பாட்டு மிஸ்ஸிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பிடித்த படம் ஒன்றிலிருந்து ஓர் இசைப் பகுதியை கேசட்டில் பதிந்து கொண்டுவர வேண்டும். அதில் நம் நாட்டில் இல்லாத மூன்று வாத்தியங்களைக் கண்டுபிடித்து, படம் ஒட்டி, வகுப்பின் முன் இரண்டு நிமிடம் பேச வேண்டும்.

இரண்டு நிமிடம்! எனக்கு அது தெய்வமே இறங்கி வந்து கொடுத்த வரம் போல இருந்தது. உடனே, வரமா சாபமா என்றும் சந்தேகம் வந்தது.

மகள் ஒரு மாயாஜாலப் படத்தைத் தேர்ந்தெடுத்தாள். அப்பாவோடு தியேட்டரில் பார்த்த ஆங்கிலப் படம். அதில் ஒரு டிராகன் தன் மலையை விட்டுவிட்டுத் தனியாகப் பறந்து போகும். நான்கு நிமிடம் வசனமே கிடையாது, வெறும் இசை. வி.சி.டி. வாடகைக்கு எடுத்து வந்தோம். பள்ளியில் கேசட்தான் கேட்டிருந்தார்கள். அதனால் டூ-இன்-ஒன் டேப்பை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, டி.வி.க்கு முன்னால் நகர்த்தி, நேராகப் பதிவது என்று முடிவு செய்தேன்.

செய்யும் எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று வளர்ந்தவள் நான். கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் என் பியூரெட்டில் ஒரு சொட்டு கூடியது கிடையாது. அந்தச் சனிக்கிழமை மதியம் மின்விசிறியை நிறுத்தினேன். டெலிபோன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தேன். அழைப்பு மணியின் வயரைக் கழற்றினேன். கணவருக்குத் தூசி ஒவ்வாமை, எந்த நேரமும் தும்முவார். அவரைக் கடைக்கு அனுப்பினேன். கீழே இறங்கி, அக்காவிடம் அரை மணி நேரம் மிக்ஸி போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

"ஆகட்டும் ஆகட்டும். எங்க வூட்டுக்காரரையும் வாய மூடச் சொல்றேன். இத்தன வருசத்துல இப்பதான் ஒரு நல்ல சாக்கு கெடச்சுது" என்றார் அக்கா.

அன்று தண்ணீர் வரும் நாள். எங்கள் சந்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும்; எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லா வீட்டிலும் ஒரே பழக்கம். குழாயை முழுதாகத் திறந்து, அடியில் காலிக் குடத்தை வைத்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். தண்ணீருக்கு முன்னால் குழாயில் காற்று வரும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கால்கள் தாமாக ஓடும். நானும் காலையிலேயே குழாயைத் திறந்து வைத்திருந்தேன். அதை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் வரும் நாளில் குழாயை மூடுவது என்பது அந்தச் சந்தில் யாருடைய மூளைக்கும் எட்டாத காரியம்.

பதிவு தொடங்கியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேசட் சுற்றுவதையே பார்த்தேன். டிராகன் மேகத்துக்குள் நுழையும் இடத்தில் எங்கோ ஆழத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. கையில் மயிர் கூச்செறிந்தது. என்ன இசை! காட்சி முடிந்ததும் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். அடுத்த நொடி கீழிருந்து அக்கா, "நீரு பந்த்து!" என்று கன்னடத்தில் கத்தினார். தண்ணீர் வந்துவிட்டது. நான் ஓடிப்போய் எட்டுக் குடம் பிடித்தேன். ஒரே மதியத்தில் இரண்டு வேலை முடிந்த திருப்தி.

பிறகு வாத்தியங்களைத் தேடும் படலம். பள்ளி நூலகத்திலிருந்து உலக வாத்தியங்கள் பற்றிய படப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தோம். நானும் மகளும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு கேசட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டோம். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். அவள் எனக்குப் பென்சிலைச் சீவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

முதலில் கண்டுபிடித்தது பேக்பைப். பெருமையாகக் கீழே போய்ச் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, "ஏ, இது நம்ம மிலிட்டரி பேண்டுல ஊதறது இல்ல? என் தம்பி கல்யாண ஊர்வலத்துல கூட ஊதுனாங்களே. இது எந்த வெளிநாடு?" என்றார். நோட்டில் அதை அடித்துவிட்டேன். அடுத்து கம்பியைத் தட்டி வாசிப்பது போல ஒன்று. அது நம் சந்தூருக்கு ஒன்றுவிட்ட தங்கை போல இருந்தது. அதையும் அடித்தேன். கணவர் எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் கீபோர்டு. ஒரு ஆளு ரூம்ல உக்காந்து எல்லாத்தையும் அமுக்கிடுவான். நீ எந்த நாட்ட தேடிப் போற?"

"அப்பா, நீ தும்மப் போ" என்றாள் மகள்.

கடைசியில் இரண்டு கிடைத்தன. ஜலதோஷம் பிடித்த நாதஸ்வரம் போல உருகிய ஒன்று. புத்தகத்தில் ஆர்மீனியாவின் டுடுக் என்று இருந்தது, வாதுமை மரத்திலா பாதாமி மரத்திலா செய்வது என்று மூன்று தடவை சரிபார்த்தேன். பாதாமிதான், அதாவது ஆப்ரிகாட். இன்னொன்று, மூங்கில் துண்டுகளை வரிசையாகக் கட்டி உதட்டில் வைத்து ஊதுவது. தென் அமெரிக்க மலைகளில் வாசிப்பது.

மூன்றாவது அந்த முனகல். முதலில் ஒரு நீண்ட பெருமூச்சு. பிறகு அடிவயிற்றிலிருந்து 'ஊ...' என்று ஒரே சுருதியில் எழுந்து, நடுங்கி, திக்கி, இரண்டு விக்கலோடு முடியும். கடைசியில் 'களக்' என்று ஒரு சின்னத் தட்டு. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தேன். டிஜெரிடூ. யூகலிப்டஸ் மரக்கிளையைக் கரையான் உள்ளே அரித்துக் குழலாக்கிவிடுமாம். அதை எடுத்துச் சுத்தம் செய்து ஊதுவார்களாம். படம் பார்த்தால் போதுமா? பிரவுசிங் சென்டருக்குப் போய், ஒலித்துண்டு ஒன்று இறங்குவதற்கு அரை மணி நேரம் காத்திருந்தேன். பாதி இறங்கியதும் நேரம் முடிந்துவிட்டது. அந்தப் பாதியைக் கேட்டேன். அதே ஊ! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து மகளிடம் விளக்கினேன். அவள் ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்.

"ஏம்மா, இத தெனமும் வாசிப்பாங்களா, இல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாளா?"

"விசேஷத்துக்கு மட்டும் வாசிப்பாங்கன்னு நெனக்கிறேன்."

"வாசிச்சு முடிச்சதும் என்ன வரும்?"

"கைதட்டல் வரும்."

அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. மேடைப் பயத்தில் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

பேச வேண்டிய நாள் வந்தது. சாப்பாட்டுப் பையை வேண்டுமென்றே வீட்டில் மறக்கவைத்து, அதைக் கொடுக்கும் சாக்கில் பள்ளிக்குப் போய், பாட்டு வகுப்பு ஜன்னலுக்குக் கீழே நின்றேன். மிஸ் கேசட்டைப் போட்டார். இசை முடிந்தது. என் மகள் வாய் திறக்கவில்லை. பத்து நொடி, இருபது நொடி. நான் சாப்பாட்டுப் பையின் காதைப் பிய்த்துவிட்டேன். அப்போது 'ஊ...' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். அவள் தன் காலித் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். ஏற்றம், நடுக்கம், இரண்டு விக்கல், நாக்கால் ஒரு 'களக்'. வகுப்பு வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவள் பேச ஆரம்பித்தாள். கரையான் பற்றி, பாதாமி மரம் பற்றி, டிராகனுக்கு ஏன் துணை இல்லை என்பது பற்றி. இரண்டு நிமிடம் ஏழு நிமிடமாகி, மணி அடித்தும் நிற்கவில்லை. வெளியே வந்த பாட்டு மிஸ் என்னைப் பார்த்துவிட்டார்.

பாட்டு மிஸ் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். நான் தமிழில் எழுதுகிறேன். "டிராகன் தனியாகப் போகும் இடத்தில் இந்த வாத்தியத்தைச் சேர்த்திருக்கிறார்களே, எப்படிப்பட்ட கற்பனை! அதற்குப் பின்னால் அந்த ஒற்றைத் தட்டு! ஆண்டு விழாவில் இவள் இதையே மேடையில் பேசட்டும்" என்றார். வகுப்பாசிரியையும் வந்து, "மூன்றாம் வகுப்புக்கு இனிக் கவலை இல்லை. ஆனால் ஆண்டு விழாவையும் பார்த்துவிடுவோம்" என்றார்.

அந்த 'ஆனால்' என்னைத் தூங்கவிடவில்லை. மேடை என்றால் எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டுமே. சரிபார்ப்பதற்காக அதே வி.சி.டி.யை மறுபடி எடுத்து வந்தேன். டிராகன் பறந்தது. டுடுக் வந்தது. மூங்கில் குழல் வந்தது. ஆஸ்திரேலியா வரவே இல்லை. மூன்று முறை போட்டேன். கடைக்குப் போய், இது வேறு பிரிண்டா என்று கேட்டேன்.

"மேடம், எங்கிட்ட இந்தப் படம் ஒண்ணுதான் இருக்கு. நீங்க போன வாட்டி எடுத்தது இதேதான். மேல இருக்கற கீறல்கூட அதே கீறல்" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து கேசட்டைப் போட்டேன். ஊ... இருக்கிறது. நிறுத்தினேன். ஊ... இன்னும் கேட்கிறது. டேப்பின் வயரையே பிடுங்கினேன். ஊ... சத்தம் சமையலறைப் பக்கமிருந்து வந்தது. போய் நின்றேன். திறந்த குழாய் காலிக் குடத்துக்குள் முனகிக்கொண்டிருந்தது. நடுங்கியது. இரண்டு முறை விக்கியது. களக்.

"நீரு பந்த்து!" என்றார் கீழே அக்கா.

அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாகத் தண்ணீர் வந்தும் நான் குடம் பிடிக்கவில்லை.

மாலையில் மகளை உட்கார வைத்தேன். "உண்மையச் சொல்லு. உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"ஆஸ்திரேலியான்னு சொன்னது யாரும்மா?"

"நான்தான்."

"புக்குல காட்டுனது?"

"நான்தான். அது இல்ல..."

"கம்ப்யூட்டர்ல கேட்டுட்டு வந்து அழுதது?"

வக்கீல் தோற்றுப் போவான். எனக்குக் கோபம் வந்து, பொய் சொல்லக்கூடாது, நாளைக்கே மிஸ்ஸிடம் சொல்லிவிடலாம் என்றேன். அவள் முகம் அப்படியே அணைந்தது. "அப்போ ஸ்டேஜ்ல நான் பேச வேணாமா?" என்றாள். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத ஒரு குழந்தை இருப்பதாகச் சொல்வார்களே, அந்தக் குழந்தையை அன்றுதான் முதன்முதலில் நேரில் பார்த்தேன். அதன்பின் இரவுச் சாப்பாடு வரை அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. பல்லியிடம்கூட.

அக்காவிடம் போய் அழுதேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சும்னிரும்மா, சும்மா இரு. நம்ம கொழா எத்தினி வருசமா கச்சேரி பண்ணுது, ஒருத்தரும் கேக்கல. இப்பதான் ஒரு மிஸ்ஸு ஒக்காந்து கேட்டு ரசிச்சிருக்காங்க. அதப் போயி கெடுப்பியா? கொழந்த பேசிச்சா இல்லியா, அதச் சொல்லு."

"பேசினா. ஆனா அது பொய்யாச்சே அக்கா."

"உள்ள காலியா ஒரு கொழா, அதுல காத்து. அங்கயும் அதுதான், இங்கயும் அதுதான். கரையான் அரிச்சா வாத்தியம், துரு அரிச்சா தப்பா?"

இருந்தாலும் மனம் கேட்காமல், சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் பத்து முறை ஒப்பித்துக்கொண்டு மறுநாள் பள்ளிக்குப் போனேன். பாட்டு மிஸ் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைத்தான் நினைத்தேன்! என்ன காது உங்களுக்கு! கண்டுபிடித்தது நீங்கள்தான் என்று உங்கள் பெண் சொன்னாள். என்னிடம் இரண்டு கேசட் இருக்கிறது. இரண்டிலும் ஒவ்வொரு சத்தம் என்னவென்றே எனக்குப் புரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்." நான் வாயைத் திறந்தேன். மூடினேன். பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகு பார்த்தால், கையில் இரண்டு கேசட் இருந்தது.

அவற்றைக் கேட்டேன். ஒன்றில் வருவது அவர் வீட்டு மின்விசிறி என்று எனக்குப் பலத்த சந்தேகம். எப்படி எழுதுவது? 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று சீட்டு வைத்துத் திருப்பி அனுப்பினேன். நிஜமாகவே விஷயம் தெரிந்தவர்கள்தான் இவ்வளவு அடக்கமாக இருப்பார்கள் என்று மிஸ் மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆண்டு விழாவில் அவள் பேசினாள். பாட்டிலுக்குப் பதிலாக எங்கள் பிளாஸ்டிக் குடத்தையே எடுத்துப்போய் ஊத வேண்டும் என்று அடம் பிடித்தாள். நான்தான் கையைக் காலைப் பிடித்துத் தடுத்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மூன்றாம் வகுப்புக்குப் போனாள். இப்போது நான்காம் வகுப்பு. போன மாதம் வந்த குறிப்பில், 'வகுப்பில் அதிகம் பேசுகிறாள், கண்டிக்கவும்' என்று இருந்தது. அந்தக் காகிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அக்கா வீட்டிலும் இப்போது யாரும் தண்ணீர் வந்தது என்று சொல்வதில்லை. "ஆஸ்திரேலியா பந்த்து!" என்றுதான் மாடிப்படியில் கூவுகிறார் அக்கா.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். அந்தக் கேசட் இன்னும் பாட்டு அறையில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அதைக் கேட்டு, எங்கள் குழாயைக் கண் மூடி ரசித்து, நோட்டில் டிஜெரிடூ என்று எழுதுகிறார்கள். போதாதென்று போன வாரம் மிஸ்ஸிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அடுத்த மாதம் பெற்றோர் கூட்டத்தில், குழந்தைகளின் காதை வீட்டில் எப்படிப் பழக்குவது என்று நான் பேச வேண்டுமாம். கேசட்டையும் போடுவாராம்.

அவள் பேச வேண்டும் என்றுதான் நான் அன்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது அவளை யாராலும் நிறுத்த முடியாது. அதனால் சொல்லிவிடலாம் என்று தைரியம் வருகிறது. சொன்னால் அவளைக் கூட்டாளிகள் கேலி செய்வார்களோ, மறுபடி முகம் அணைந்துவிடுமோ என்று அந்தத் தைரியம் உடனே போய்விடுகிறது. அவளிடமே கேட்டேன். வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல், "போய்ப் பேசும்மா. ரெண்டு நிமிஷம்தானே? பயமா இருந்தா பாட்டில எடுத்து ஊதிடு" என்றாள்.

இதைப் படிக்கும் உங்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள், பாடம் நடத்துகிறவர்களும் இருப்பீர்கள். தயவுசெய்து யோசித்து எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். அந்த மேடையில் உண்மையைச் சொல்லிவிடலாமா, இல்லை மிஸ்ஸிடம் மட்டும் தனியாகச் சொல்வதா? மேடையில்தான் என்றால், வெறும் வாயால் சொன்னால் நம்புவார்களா, கையோடு குடத்தையும் எடுத்துப் போகவா?